மரணம் சொல்லும் சாட்சியம்

க.பொ.த. உயர்தரம் இரண்டாம் வருடம், உயிரியல் பிரிவு

ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்ற அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டதும் நமது ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மணிக்கு அடக்கம்?" என்பதாகும். மரணம் திடீரென்று நடந்திருந்தால் இன்னொரு கேள்வியும் தணிந்த குரலில் எழும். "போஸ்மோட்டம் பண்ணுவாங்களா?" ஜனாஸா தாமதமாகும், மையித்துக்கு வேதனை செய்வார்கள், ஊர் ஏதேதோ கதைக்கும் என்ற மூன்று பயங்களும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன.

உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவி என்ற வகையில், இந்தப் பரிசோதனை உண்மையில் எதற்காகச் செய்யப்படுகிறது என்று தேடி வாசித்தேன். குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஒரு பகுதிதான். ஒரு ஜனாஸாவிலிருந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு பதில் கிடைக்கிறது. நூறு ஜனாஸாக்களின் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், உயிரோடிருக்கும் ஆயிரம் பேரை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு வழி கிடைக்கிறது. இந்த இரண்டாவது பயனைப் பற்றியே இக்கட்டுரை.

இயற்கைக்கு மாறான மரணம் என்றால் என்ன?

நோயினாலோ முதுமையினாலோ நிகழ்வது இயற்கை மரணம். விபத்து, தன்னுயிரை மாய்த்துக்கொள்ளல், கொலை ஆகிய மூன்றும் இயற்கைக்கு மாறான மரணங்கள். எதுவென்று நிச்சயிக்க முடியாதவை தனியாக வைக்கப்படுகின்றன. இங்கே ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். மரணத்தின் காரணம் வேறு, மரணம் நிகழ்ந்த விதம் வேறு. 'தலையில் இரத்தக்கசிவு' என்பது காரணம். மரத்திலிருந்து விழுந்தாரா, வாகனம் மோதியதா, யாரும் தாக்கினார்களா என்பது விதம். காரணத்தை உடல் சொல்லும். விதத்தை அறிவதற்கு உடலோடு சேர்த்து இடத்தையும் ஆட்களையும் விசாரிக்க வேண்டும்.

நமது நாட்டில் இதற்கான ஒழுங்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் கூறப்பட்டுள்ளது. திடீர் மரணமொன்று நிகழ்ந்தால் பொலிஸாருக்கு அறிவிக்கப்படும். திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் வந்து பார்வையிட்டு, உறவினர்களிடம் வாக்குமூலம் பெறுவார். தேவையென்று கண்டால் பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடுவார். அதனைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. நஞ்சு பற்றிய சந்தேகம் இருந்தால் மாதிரிகள் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். இப்பணி முடிந்ததும் ஜனாஸா குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்படும்.

வீதியில்

இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 2000 முதல் 3000 பேர் வரை வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் பாதசாரிகளும். மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தவர்களைப் பரிசோதிக்கும் வைத்தியர்கள் மீண்டும் மீண்டும் காணும் காயம் தலைக்காயமே.

இதில் நமது குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் உள்ளது. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டையோட்டு என்பு மிகவும் மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. அந்த இடத்தில் அடிபட்டு என்பு வெடித்தால் நாடியும் கிழிந்துவிடலாம். இரத்தம் உடனே மூளையை அமுக்கிவிடாது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே மெதுவாகச் சேரும். அதனால் விழுந்தவர் எழுந்து, பேசி, நடந்து, "எனக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லவும் கூடும். சில மணித்தியாலங்களின் பின் தலைவலி, வாந்தி, தூக்கமயக்கம். அதன் பின் நினைவு தப்பிவிடும்.

எனது உம்மாவின் தம்பி இப்படித்தான் மௌத்தானார். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்குப் போகும் தூரம்தானே என்று தொப்பியோடு மோட்டார் சைக்கிளில் போனவர், சந்தியில் சறுக்கி விழுந்தார். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, ஜும்ஆவும் தொழுது வந்து படுத்தார். அஸருக்கு எழுப்பியபோது எழும்பவில்லை. மாரடைப்பு என்று சிலர் சொன்னார்கள். கண்ணூறு என்று சிலர் சொன்னார்கள். போஸ்மோட்டம் வேண்டாம் என்று மூத்தம்மா அழுதிருக்கிறார். அடுத்த நாள்தான் அடக்கம் செய்ய முடிந்தது. ஆனால் அறிக்கை வந்த பிறகுதான் அந்தச் சிறிய விழுகைதான் காரணம் என்று தெரிந்தது. "இதயம் நல்லா இருக்கு, நுரையீரல் நல்லா இருக்கு, மற்ற எல்லாமே நல்லா இருக்கு எண்டு டொக்டர் சொன்னார்" என்று உம்மா இன்றும் சொல்வார். இருபத்து நான்கு வயது உடம்பில் பழுதுபட்டிருந்தது உள்ளங்கை அகலமான ஓரிடம் மட்டுமே.

தரமான தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரணிக்கும் ஆபத்தை ஏறத்தாழ 40 சதவீதத்தாலும், தலைக்காய ஆபத்தை ஏறத்தாழ 70 சதவீதத்தாலும் குறைக்கிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. வாடி கட்டாமல் தலையில் வைத்திருக்கும் கவசம் விழும்போது கழன்றுவிடும். பக்கத்துப் பள்ளிக்கும் பக்கத்துக் கடைக்கும் போகும்போதுதான் நாம் அதை வீட்டில் விட்டுச் செல்கிறோம். தலையில் அடிபட்ட எவரையும், அவர் நன்றாகப் பேசினாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். 'படுத்தால் சரியாகிவிடும்' என்பது இந்தக் காயத்துக்குப் பொருந்தாது.

தண்ணீரில்

நீரிலிருந்து எடுக்கப்பட்ட உடல் என்றால் அவர் மூழ்கித்தான் இறந்தார் என்று நிச்சயமில்லை. வேறு விதமாக இறந்த பின் நீரில் போடப்பட்டிருக்கவும் கூடும். இதைப் பிரித்தறிய உதவுவது நாம் பாடத்தில் படிக்கும் தயற்றம்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அல்காவுக்குச் சிலிக்காவாலான ஓடு உண்டு. உயிரோடு மூழ்கும் ஒருவர் நீரை உள்ளிழுக்கும்போது தயற்றங்கள் நுரையீரலுக்குச் சென்று குருதியில் கலக்கும். துடித்துக்கொண்டிருக்கும் இதயம் அவற்றை என்புமச்சை வரை அனுப்பிவிடும். இதயம் நின்ற பின் நீரில் விழுந்த உடலில் இது நடக்காது. இச்சோதனையை மட்டும் வைத்து எவரும் முடிவெடுப்பதில்லை. ஏனைய அடையாளங்களோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

நீரில் மூழ்கி இறப்போரில் அதிகமானோர் ஆண்கள். கடலைவிட ஆறு, குளம், கிணறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளிலேயே அதிகமான மரணங்கள் நிகழ்கின்றன. தவழும், நடக்கப் பழகும் பிள்ளைகளுக்குக் கட்டில்லாத கிணறும் மூடாத நீர்த்தொட்டியும் எமனாகின்றன.

ஆனால் ஒரு நாளில் இந்தக் கோலம் தலைகீழாக மாறியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை வந்த கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ஒவ்வோர் உடலையும் பரிசோதிக்க அவகாசம் இருக்கவில்லை. ஆயினும் பின்னர் இம்மாவட்டத்து முகாம்களில் குடும்பம் குடும்பமாக விசாரித்து எண்ணிப் பார்த்தார்கள். பெண்கள் இறந்த வீதம் ஆண்களின் வீதத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சிறு பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம். அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்களே அதிகம் அகப்பட்டார்கள். பிள்ளைகளை விட்டு ஓடவும் தாய்மாரால் முடியாது.

கடற்கரையில் பிறந்து வளரும் நம்மில் எத்தனை மாணவிகளுக்கு நீந்தத் தெரியும்? பெண்கள் மட்டும் பயிலும் இடமும், பெண் பயிற்றுநரும், ஒழுங்கான உடையும் இருந்தால் இதற்கு மார்க்கத்தில் தடை ஏதுமில்லை. இது விளையாட்டல்ல, உயிர் பற்றிய விடயம் என்று பெற்றோர்கள் சிந்திக்க வேண்டும் என்பது எனது பணிவான வேண்டுகோள்.

இரவிலும் வயலிலும்

இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவர் விடியுமுன் மௌத்தாகிக் கிடப்பதுண்டு. உடலில் காயமில்லை, வீக்கமில்லை. இத்தகைய சில மரணங்களுக்குக் காரணம் கண்டங்கருவளை என்றும் கட்டுவிரியன் என்றும் அழைக்கப்படும் பாம்பு. இது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தாலும் வலி மிகக் குறைவு. பல்லின் அடையாளம் கூடத் தெரியாமல் போகலாம். இதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டிக்கும். முதலில் வயிற்றுவலி, பின் கண்ணிமை தொங்குதல், இறுதியில் சுவாசத் தசைகள் செயலிழத்தல். அதிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் கண்ணிமைத் தொங்கலும் கண்டால் பரிசாரியைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கட்டிலில் படுப்பதும், நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும் எளிய பாதுகாப்புகள்.

வயலோரங்களில் வேறொரு வகை மரணம் உண்டு. பன்றிக்காக இழுத்த மின்சாரக் கம்பியும், கட்டி வைத்த கட்டுத்துவக்கும் ஆட்களைக் கொல்கின்றன. கட்டுத்துவக்கின் காயம் பெரும்பாலும் காலில் இருக்கும். ஏனெனில் துவக்கு பன்றியின் உயரத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் கையில் பிடித்துச் சுட்டதா, பொறியில் அகப்பட்டதா என்பதைக் காயத்தின் உயரமும் திசையும் சொல்லிவிடும்.

ஒரு குப்பி லாம்பின் பாடம்

காயங்களைத் திரும்பத் திரும்பக் கண்ட ஒருவர் அவற்றை எண்ணிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. வைத்தியர் விஜய கொடகும்புர ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். எரிகாயத்தோடு வருபவர்களில் பலர் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து விழுந்ததால் எரிந்தவர்கள் என்பதை அவர் கவனித்தார். மின்சாரமில்லாத வீடுகளில் பழைய போத்தலில் திரி போட்டு எரிப்பார்கள். அது உயரமானது, இலேசானது, மூடியும் இறுகாது. பிள்ளையின் கை பட்டால் விழுந்து உருண்டு, எண்ணெய் சிந்தி, தீ பற்றும்.

அவர் மார்மைட் போத்தலின் வடிவத்தைப் பார்த்து ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையானது, பாரமானது, விழுந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையானது, மூடி திருகி இறுக்கக்கூடியது. அந்த விளக்கு மலிவு விலையில் ஏழை வீடுகளுக்குச் சென்றது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எரிந்தவரின் விதி என்று அவரும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போத்தலைப் பார்த்தார்.

நாடு கற்றுக்கொண்ட பெரிய பாடம்

1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக அதிகமாகத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். அவர்களில் மிகப் பலரின் மரணத்துக்குக் காரணம் வீட்டிலேயே கிடந்த விவசாயக் கிருமிநாசினி. பிரேத பரிசோதனைகளும் வைத்தியசாலைப் பதிவுகளும் எந்த இரசாயனங்கள் ஆட்களை அதிகம் கொல்கின்றன என்பதைக் காட்டின. 1984 முதல் அரசாங்கம் மிகக் கொடிய வகைகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2005ஆம் ஆண்டாகும்போது அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93000 உயிர்கள் இதனால் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இதில் நான் அறிந்துகொண்ட முக்கியமான உண்மை இதுதான். தடைசெய்ததால் மக்களின் கவலைகள் தீர்ந்துவிடவில்லை. பரீட்சைத் தோல்வியும், வீட்டுச் சண்டையும், கடனும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தக் கடும் நேரம் கடந்து உயிர் தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் வாழ்ந்தே இருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் நிலையானதல்ல, அலைபோல் எழுந்து அடங்கக்கூடியது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதும், ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் பூட்டப்பட்டிருப்பதும் ஓர் உயிரைக் காக்கும்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. மனம் உடைந்த தோழி ஒருத்தி பேசினால், "ஈமான் இல்லாதவள்" என்று வாயடைக்காமல் கேட்க வேண்டும். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அவளைக் கூட்டிச்செல்ல வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். தன்னுயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. ஆகவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பொலிஸுக்குப் பயந்து தாமதிக்கத் தேவையில்லை.

இன்னொரு வகைச் சாட்சியத்தையும் சொல்ல வேண்டும். "படியில் விழுந்தாள்" என்று வீட்டார் கூறும் ஒரு பெண்ணின் முன்கையிலும் உள்ளங்கையிலும் காயங்கள் இருந்தால், அவை தடுக்க உயர்த்திய கைகளில் ஏற்படும் காயங்களா என்று சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். வெவ்வேறு காலத்துக் காயங்கள் ஒரே உடலில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வார். உயிரோடிருந்தபோது வாய் திறக்க முடியாதவளுக்காக அவளது உடல் பேசுகிறது. அந்த நிலை வருமுன்னர் பேசுவதற்கு 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம் இருக்கிறது.

ஜனாஸாவும் பரிசோதனையும்

இறந்தவரின் உடலுக்கும் கண்ணியம் உண்டு, அடக்கத்தைத் தாமதிக்கக்கூடாது என்பது நமது மார்க்கத்தின் போதனை. அதேவேளை, உண்மையை வெளிப்படுத்துவதற்கும் உயிர் காப்பதற்கும் அவசியமானபோது, தேவையின் அளவுக்கு மட்டும் பரிசோதனை செய்வதைத் தற்கால மார்க்க அறிஞர் சபைகள் பல அனுமதித்துள்ளன. இரண்டையும் பேண முடியும். விரைவாகச் செய்யுமாறு குடும்பத்தினர் அதிகாரிகளிடம் மரியாதையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது தவறல்ல.

நமது சமூகத்துக்குப் பிரேத அறை மீது இருக்கும் பயத்துக்கு அண்மைய காரணமும் உண்டு. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அது நடந்தது. பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த வலி உண்மையானது. ஆனால் அன்று நடந்தது விஞ்ஞானத்தைப் புறக்கணித்ததால் நடந்தது. ஆகவே அதற்காக விஞ்ஞானத்தை நாமும் புறக்கணிப்பது நமக்கே நட்டமாகும்.

நாம் செய்யக்கூடியவை

மரண விசாரணை அதிகாரி கேட்கும்போது உள்ளதைச் சொல்வோம். மானம் போகும் என்று விழுந்ததை மறைத்தால், குடித்ததை மறைத்தால், அடித்ததை மறைத்தால், அந்த மரணத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதே சந்தியில், அதே கிணற்றில், அதே கம்பியில் அடுத்தவரும் அகப்படுவார்.

அஜல் அல்லாஹ்வின் நாட்டம் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்றும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். தலைக்கவசத்தின் வாடியைப் பூட்டுவதும், கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவதும், நுளம்பு வலையைச் செருகுவதும், நஞ்சுப் போத்தலைப் பூட்டி வைப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவது போன்றவைதான்.

சட்ட வைத்தியத் துறையில் நமது சமூகப் பெண் வைத்தியர்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்பது எனது ஆசை. ஒரு பெண்ணின் ஜனாஸாவைப் பரிசோதிப்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் எத்தனையோ தாய்மாரின் பாதி வேதனை குறைந்துவிடும். இதை வாசிக்கும் தங்கைகளில் ஒருவராவது அந்தத் துறையைத் தேர்ந்தெடுக்க அல்லாஹ் அருள் புரிவானாக.